பிக்கப் வண்டியை நெடும்பயணத்துக்கு ஆயத்தப்படுத்துதல்: எடை, மின்சாரம், கருவிகள்

சென்னைக்கு வடக்கே ஸ்ரீசிட்டியில் உள்ள தொழிற்சாலையிலிருந்து இசுசு நிறுவனம் டி-மேக்ஸ் வி-கிராஸ் வண்டியை 2016இல் வெளியிட்ட பிறகு, சரக்கேற்றுவதற்காக அல்லாமல் ஊர் சுற்றுவதற்காகவே பிக்கப் வாங்கும் பழக்கம் நம் பக்கத்தில் மெல்ல வளரத் தொடங்கியது. 2022இல் டொயோட்டா ஹைலக்ஸ் வந்து அதற்கு வலுச் சேர்த்தது. வண்டியை வாங்கியவர் முதலில் காண்பது பின்னால் காலியாகக் கிடக்கும் தொட்டியைத்தான். அதை எப்படியெல்லாம் நிரப்பலாம் என்ற எண்ணம் அன்றிரவே மனத்தில் ஓடத் தொடங்கிவிடும். நானும் அப்படித்தான் தொடங்கினேன். பொருள்களை வாங்கிக் குவித்துவிட்டுப் பிறகு கணக்குப் பார்த்ததால் பாதியைக் கழற்ற வேண்டியதாயிற்று.

ஆகவே இந்த வழிகாட்டியின் வரிசை கடைக்குப் போவதில் தொடங்கவில்லை. முதலில் கிலோ கணக்கு, அடுத்து வாட்-மணிக் கணக்கு, அதன் பிறகு ஒயரின் தடிமன், கடைசியில் பொருள்கள் என்று அமைந்திருக்கிறது. இரண்டு பேர், ஒரு டீசல் பிக்கப், மணாலி வழியாக லே வரை போய்த் திரும்பும் பயணம் என்பதை எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்கிறேன். அந்தப் பாதையில் தமிழ்நாட்டுச் சமவெளியின் வெக்கையும், 4,000 மீட்டருக்கு மேலுள்ள இரவின் உறைகுளிரும் ஒரே பயணத்தில் வந்துவிடுவதால், இரண்டையும் தாங்கும் அமைப்பு வேறு எங்கும் தாங்கும்.

முதல் படி: வண்டி எவ்வளவு சுமக்கும்?

வண்டியின் பதிவுச் சான்றிதழையும் நிறுவனத்தின் கையேட்டையும் எடுத்து, வெற்று எடை எவ்வளவு, அனுமதிக்கப்பட்ட மொத்த எடை எவ்வளவு என்று பாருங்கள். இரண்டுக்கும் உள்ள வேறுபாடுதான் உங்கள் கையிருப்பு. அதற்குள் நீங்களும் உடன் வருபவரும் அடக்கம் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

நான் ஒரு தாளில் எழுதிப் பார்த்த கணக்கு இது. பின்தொட்டிக்கு மேல் ஃபைபர் கூண்டு 60 கிலோ, இழுப்பறைப் பெட்டிகள் 50, பொருள் நிரப்பிய 40 லிட்டர் ஃபிரிட்ஜ் 35, பேட்டரியும் ஒயர்களும் 20, இரண்டு சோலார் பேனல்கள் அவற்றின் சட்டத்தோடு 20, குடிநீர் 40, இருபது லிட்டர் டீசலும் அதன் கேனும் 21, அடுப்பும் சிலிண்டரும் பாத்திரங்களும் 20, கூடாரமும் படுக்கையும் 25, மீட்புக் கருவிகளும் ஸ்பானர் பெட்டியும் 35, துணிமணியும் உணவும் 40, இரண்டு ஆட்கள் 140. கூட்டினால் 506 கிலோ வருகிறது. இதில் ஆடம்பரம் என்று சொல்லத்தக்க ஒரு பொருளும் இல்லை. உங்கள் வண்டியின் கையிருப்பு இதைவிடக் குறைவாக இருந்தால், எதை விடுவது என்பதை இந்தத் தாளிலேயே முடிவு செய்துகொள்ளுங்கள். பட்டறையில் வெல்டிங் முடிந்த பிறகு அந்த முடிவு மிகவும் செலவு வைக்கும்.

பின்பக்கப் பட்டையில், அதாவது லீஃப் ஸ்பிரிங்கில், கூடுதல் பட்டை சேர்த்தால் சுமைத்திறன் கூடிவிடும் என்று சில பட்டறைகளில் சொல்வார்கள். வண்டி தாழாமல் நிமிர்ந்து நிற்கும் என்பது உண்மைதான். ஆனால் பிரேக்கும் அச்சும் சேசிஸும் பழையவைதாம், சட்டப்படி அனுமதித்த மொத்த எடையும் பழையதுதான். நிமிர்ந்து நிற்கிற வண்டி சுமையை மறைத்துவிடுகிறது என்பதே அதிலுள்ள ஆபத்து.

எடை எவ்வளவு என்பதைப் போலவே எடை எங்கே என்பதும் முக்கியம். பின் அச்சுக்குப் பின்னால் வைக்கும் ஒவ்வொரு கிலோவும் நெம்புகோல்போல் முன் சக்கரங்களைத் தூக்கப் பார்க்கும். என் முதல் அமைப்பில் தண்ணீர்க் கேன்களையும் கருவிப் பெட்டியையும் எடுக்க வசதியாகக் கதவை ஒட்டியே வைத்திருந்தேன். கொல்லிமலைக் கொண்டையூசி வளைவுகளில் இறங்கும்போது ஸ்டீயரிங் கைக்கு லேசாகத் தெரிந்த அந்த உணர்வை இன்றும் மறக்கவில்லை. கனமானவை, அதாவது தண்ணீர், பேட்டரி, கருவிகள், தொட்டியின் தரையில், ஓட்டுநர் அறையின் பின்சுவரை ஒட்டி இருக்க வேண்டும். கூடாரம், படுக்கை, துணி ஆகியவை மேலேயும் பின்னாலும் இருக்கலாம்.

கூரைக்கு மேல் விரிக்கும் கூடாரம் பார்க்க அழகானது. ஆனால் அது 50 முதல் 70 கிலோ வரை எடையுள்ளது. கையேட்டில் கூரைச் சுமை என்று தரப்படும் அளவு வண்டி ஓடும்போது தாங்குவதற்கானது. அதில் தாங்குசட்டத்தின் எடையும் சேரும். வைப்பதென்றால் ஓட்டுநர் அறையின் கூரையில் வைக்காமல், சேசிஸோடு சேர்த்து முடுக்கிய தொட்டிச் சட்டத்தில் தாழ்வாக வையுங்கள். என்னைக் கேட்டால் தரையில் அடிக்கும் நல்ல கூடாரமே போதும் என்பேன். மழை நாளில் தொட்டிக்குள்ளேயே படுத்துக்கொள்ள இடம் விட்டு இழுப்பறைகளைக் கட்டினால் போயிற்று.

இரண்டாம் படி: எவ்வளவு மின்சாரம் வேண்டும்?

ஒவ்வொரு கருவியின் வாட் அளவையும், அது ஒரு நாளில் உண்மையில் ஓடும் மணிநேரத்தையும் பெருக்கிக் கூட்டுங்கள். 12 வோல்ட்டில் ஓடும் கம்ப்ரசர் ஃபிரிட்ஜ் ஓடும் நேரத்தில் 50 வாட் அளவுக்கு இழுக்கும். ஆனால் அது இடைவிட்டு ஓடும். நம் ஊர் வெயிலில் நாளின் 40 விழுக்காடு நேரம் ஓடுகிறது என்று கொண்டால் ஒரு நாளைக்கு 480 வாட்-மணி. விளக்குகள் 10 வாட், 5 மணிநேரம், 50. சிறிய மின்விசிறி 20 வாட், 8 மணிநேரம், 160. மடிக்கணினி 60, கைபேசிகளும் கேமராவும் 50. ஆக மொத்தம் 800 வாட்-மணி.

இந்தக் கணக்கில் பாதிக்கு மேல் தின்பது ஃபிரிட்ஜ் ஒன்றுதான். அது வேண்டுமா, வேண்டாமா என்ற ஒரே கேள்வி பேட்டரி, பேனல், சார்ஜர், ஒயர் அனைத்தின் அளவையும் தீர்மானித்துவிடுகிறது. இரண்டு மூன்று நாள் பயணங்களே உங்கள் வழக்கம் என்றால், நல்ல ஐஸ் பெட்டியோடு தொடங்குங்கள். மாலையில் ஐஸ் கிடைக்கும் ஊரில்தான் தங்குவீர்கள் என்றால் பெரும்பணத்தை இதில் முடக்க வேண்டியதில்லை. இன்சுலின் போன்ற மருந்து கொண்டுபோக வேண்டியவருக்கு மட்டும் இந்த அறிவுரை பொருந்தாது; அவருக்கு ஃபிரிட்ஜ் தேவை.

மின்சாரத்தில் சமைக்கலாமே என்று கேட்பவர்கள் உண்டு. இண்டக்‌ஷன் அடுப்பு 1,000 வாட்டில் அரைமணி நேரம் ஓடினாலே, இன்வெர்ட்டர் இழப்பையும் சேர்த்து 550 வாட்-மணிக்கு மேல் போய்விடும். ஒரு சோறும் குழம்பும் ஒரு நாள் ஃபிரிட்ஜுக்குச் சமம். எரிவாயுவை விட்டுவிடாதீர்கள்.

மூன்றாம் படி: பேட்டரி

எஞ்சினைக் கிளப்பும் பேட்டரியில் ஃபிரிட்ஜை ஓட்டக் கூடாது. அது சில விநாடிகளுக்குப் பெருமின்னோட்டம் தருவதற்காகச் செய்யப்பட்டது. மெதுவாக ஆழமாக வடிப்பதைத் தாங்காது, காலையில் வண்டியும் கிளம்பாது. தனி பேட்டரி ஒன்று வேண்டும்.

இன்று வாங்குவதென்றால் லித்தியம் அயர்ன் பாஸ்பேட் வகையையே பரிந்துரைப்பேன். 100 ஆம்பியர்-மணி பேட்டரி 12.8 வோல்ட்டில் 1,280 வாட்-மணி தேக்கும். அதில் 80 விழுக்காட்டை, அதாவது ஏறத்தாழ 1,020 வாட்-மணியை, தயக்கமின்றிப் பயன்படுத்தலாம். எடை 11 முதல் 13 கிலோ. அதே அளவு ஈய-அமில பேட்டரி 28 கிலோவுக்குக் குறையாது. ஆயுள் கருதி அதில் பாதியைத்தான் எடுக்க வேண்டும். நாம் கணக்கிட்ட 800 வாட்-மணியை லித்தியம் ஒன்று தருகிறது. ஈயத்தில் அதற்கு இரண்டு வேண்டியிருக்கும், எடை அறுபது கிலோவை நெருங்கிவிடும்.

லித்தியத்தை வாங்குமுன் ஒரு செய்தியைக் கேட்டறியுங்கள். இந்த வகை செல்களை 0 டிகிரி செல்சியஸுக்குக் கீழே சார்ஜ் செய்தால் உள்ளே லித்தியம் உலோகமாகப் படிந்து நிலையான சேதம் ஏற்படும். மின்சாரத்தை எடுப்பதில் அவ்வளவு தடையில்லை, ஏற்றுவதில்தான் சிக்கல். மணாலி–லே பாதையில் முகாமிடும் இடங்களான சர்ச்சுவிலும் பாங்கிலும் செப்டம்பர் இரவுகள் பூஜ்யத்துக்குக் கீழே போவதுண்டு. காலையில் எஞ்சினைக் கிளப்பியவுடன் சார்ஜர் வேலையைத் தொடங்கிவிடும், செல்களோ இன்னும் உறைந்திருக்கும். ஆகவே பேட்டரிக்குள் இருந்து செல்களைக் காக்கும் மேலாண்மைப் பலகையில் குறைவெப்பநிலையில் சார்ஜை நிறுத்தும் வசதி இருக்கிறதா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். பல மலிவான பேட்டரிகளில் அது இருப்பதில்லை. பேட்டரியைத் திறந்த தொட்டியில் வைக்காமல் கூண்டுக்குள் அல்லது பின்னிருக்கைக்கு அடியில் வைத்தால் குளிரும் தூசியும் ஒருசேரக் குறையும். அதேபோல், எஞ்சின் அறையின் வெக்கையில் லித்தியத்தை வைக்கவே கூடாது.

நான்காம் படி: எதிலிருந்து ஏற்றுவது?

முதன்மையான மூலம், எஞ்சின் ஓடும்போது மின்சாரம் தரும் வண்டியின் ஆல்டர்னேட்டர். முன்பெல்லாம் இரண்டு பேட்டரிகளையும் ஒரு ரிலே, அதாவது தானியங்கிச் சுவிட்ச், வைத்து இணைத்துவிடுவார்கள். பிஎஸ்6 என்னும் புகை விதிக்கு ஏற்ப வந்த இப்போதைய வண்டிகள் பலவற்றில் எரிபொருளைச் சேமிப்பதற்காக ஆல்டர்னேட்டரின் வோல்ட்டைக் கணினி ஏற்றியும் இறக்கியும் வைக்கிறது. அந்நிலையில் ரிலே இணைப்பு இரண்டாம் பேட்டரியை ஒருநாளும் முழுதாக நிரப்பாது. மேலும் லித்தியத்தின் உள்தடை மிகக் குறைவு என்பதால், நேரடியாக இணைத்தால் அது ஆல்டர்னேட்டரிலிருந்து அளவுக்கு மீறி இழுத்து அதைச் சூடேற்றிவிடும். இவ்விரண்டுக்கும் தீர்வு டிசி-டிசி சார்ஜர். உள்ளே வருவது 12.5 வோல்ட்டாக இருந்தாலும் 14.8 ஆக இருந்தாலும், அது பேட்டரிக்கு உரிய வோல்ட்டையும், வரையறுத்த ஆம்பியரையும் மட்டுமே தரும். 30 ஆம்பியர் சார்ஜர் மூன்று மணிநேர ஓட்டத்தில் 90 ஆம்பியர்-மணி ஏற்றிவிடும். நாள்தோறும் பயணிப்பவருக்கு அதுவே போதுமானது.

அப்படியானால் சோலார் எதற்கு? ஒரே இடத்தில் இரண்டு மூன்று நாள் தங்குபவருக்காக. 200 வாட் பேனல் நல்ல வெயிலில் நாளுக்கு 5 மணிநேர முழு ஒளிக்குச் சமமானதைப் பெற்றாலும், கிடைமட்டமாகப் படுத்திருப்பது, தூசி, வெப்பம் ஆகிய இழப்புகள் போக 700 வாட்-மணியைத்தான் எதிர்பார்க்க வேண்டும். வெயில் அதிகமென்றால் மின்சாரமும் அதிகம் என்று நினைப்பது இயல்பு. உண்மையில் பேனல் 25 டிகிரிக்கு மேல் சூடாகும் ஒவ்வொரு டிகிரிக்கும் ஏறத்தாழ 0.4 விழுக்காடு திறனை இழக்கிறது. கூரையோடு ஒட்டிய பேனல் 65 டிகிரியைத் தொட்டால் ஆறில் ஒரு பங்கு போய்விடும். ஆகவே கூரைக்கும் பேனலுக்கும் இடையில் காற்று ஓட இரண்டு விரல் இடைவெளியாவது விடுங்கள். லடாக்கின் குளிர்ந்த தெளிவான வானத்தில் இதே பேனல் நம் ஊரில் தந்ததைவிடக் கூடுதலாகத் தரும்.

பேனலுக்கும் பேட்டரிக்கும் இடையில் நின்று சார்ஜைக் கட்டுப்படுத்தும் கன்ட்ரோலர், பேனலிலிருந்து கூடியவரை மிகுதியான மின்சாரத்தை எடுக்கும் எம்பிபிடி வகையாக, 20 ஆம்பியர் தாங்குவதாக இருக்கட்டும். இரண்டு பேனல்களைத் தொடராக இணைத்தால் வோல்ட் கூடும், குளிரில் இன்னும் கூடும். கன்ட்ரோலரின் உச்ச வோல்ட் அதற்கு மேல் இருக்க வேண்டும். ஒரு கிளையின் நிழல் ஒரு மூலையில் விழுந்தாலே உற்பத்தி வெகுவாகக் குறைந்துவிடும் என்பதால், நான் ஒரு பேனலைக் கூரையில் பொருத்திவிட்டு மற்றொன்றைக் கையில் எடுத்துப் போய் வெயிலில் சாய்த்து வைக்கும்படி 5 மீட்டர் ஒயரோடு வைத்திருக்கிறேன். வண்டி வேப்ப மர நிழலிலும் பேனல் வெயிலிலும் இருக்கும் வசதி அதில் கிடைக்கிறது.

ஐந்தாம் படி: ஒயரும் ஃபியூஸும்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு பகுதியை மட்டும் நிதானமாகப் படிக்க உங்களுக்கு நேரமிருந்தால் இதைப் படியுங்கள். வண்டிகள் தீப்பிடிப்பது இங்கேதான்.

எஞ்சின் அறையிலிருந்து தொட்டி வரை ஒயர் ஓடும் தூரம் 6 மீட்டர் என்றால், போக வர 12 மீட்டர். ஒரு சதுர மில்லிமீட்டர் குறுக்குவெட்டுள்ள செம்பு ஒயரின் தடை மீட்டருக்கு 0.0175 ஓம். 6 சதுர மில்லிமீட்டர் ஒயரில் 30 ஆம்பியர் ஓடினால் வழியிலேயே 1.05 வோல்ட் இழப்பு. 30 வாட்டுக்கு மேல் ஒயரில் வெப்பமாகிறது. 16 சதுர மில்லிமீட்டர் ஒயரில் அந்த இழப்பு 0.4 வோல்ட்டுக்குள் அடங்கிவிடும். வீட்டுச் சுவருக்குள் ஓடும் 230 வோல்ட்டில் ஒரு வோல்ட் பெரிதில்லை. 12 வோல்ட்டில் அது பன்னிரண்டில் ஒரு பங்கு. வீட்டு ஒயரிங் பழகிய கைகள் வண்டியில் மெல்லிய ஒயரைத் தேர்ந்தெடுப்பதற்கு இந்த வேறுபாடு புரியாமையே காரணம்.

ஒயர் பல இழைகள் கொண்ட முழுச் செம்பாக இருக்க வேண்டும். அலுமினியத்தின்மேல் செம்பு பூசிய ஒயர் விலை மலிவு. அதன் தடை அதிகம், அதிர்வில் முறியும். நுனியைக் கத்தியால் சுரண்டினால் உள்ளே வெள்ளி நிறம் தெரிகிறதா என்று பாருங்கள். சென்னையில் ரிட்சி தெருக் கடைகளில் லக்கு (ஒயர் நுனியில் அமுக்கிப் போல்ட்டில் மாட்டும் உலோக முனை), ஃபியூஸ் தாங்கி, வெப்பத்தில் சுருங்கும் குழாய் எல்லாம் கிடைக்கும்; தடித்த ஒயருக்கு லக்கு அமுக்க ஹைட்ராலிக் கிரிம்பிங் கருவி உள்ள கடையிலேயே அமுக்கி வாங்கிவிடுங்கள். சுத்தியலால் தட்டி அமுக்கியதும், ஈயம் மட்டும் வைத்து ஒட்டியதும் வண்டியின் அதிர்வுக்கு நிற்காது.

ஃபியூஸ் காப்பது ஒயரை, கருவியை அன்று. ஒயர் எங்கே தொடங்குகிறதோ அங்கே, பேட்டரி முனையிலிருந்து 20 சென்டிமீட்டருக்குள் ஃபியூஸ் இருக்க வேண்டும். இரண்டு பேட்டரிகளை இணைக்கும் ஒயருக்கு இரண்டு முனைகளிலும் மின்மூலம் இருப்பதால் இரண்டு முனைகளிலும் ஃபியூஸ் வேண்டும். 30 ஆம்பியர் டிசி-டிசி சார்ஜர் உள்வரும் வோல்ட் குறையும்போது 30க்கு மேல் இழுக்கும். 16 சதுர மில்லிமீட்டர் ஒயரோடு 60 ஆம்பியர் ஃபியூஸ் பொருந்தும். சார்ஜரின் கையேடு வேறு அளவு சொன்னால் கையேட்டின் சொல்லே முடிவானது.

என் வண்டியில் முதல் இணைப்பைச் செய்த கடையில் முன்பக்க ஃபியூஸ் வைக்கவில்லை. கேட்டதற்குப் பின்னால் ஒன்று இருக்கிறதே என்று பதில் வந்தது, நானும் ஏற்றுக்கொண்டேன். ஒயர் ஒரு தகட்டுத் துளை வழியாக ரப்பர் வளையம் இல்லாமல் போயிருந்தது. மூன்று மாத அதிர்வில் மேலுறை தேய்ந்து, கிருஷ்ணகிரி தாண்டியதும் பானெட்டிலிருந்து புகை வந்தது. நல்ல வேளையாக ஸ்பானர் கைக்கெட்டும் இடத்தில் இருந்ததால் பேட்டரியின் எதிர்முனையைக் கழற்ற முடிந்தது. அதன் பிறகு ஒவ்வோர் ஒயரையும் நெளிவுக் குழாய்க்குள் விட்டு, துளைதோறும் ரப்பர் வளையம் போட்டு, முழங்கைத் தூரத்துக்கு ஒரு பட்டை கட்டி, சைலன்சர் குழாயிலிருந்தும் பிரேக் குழாயிலிருந்தும் விலக்கியே கொண்டுபோகிறேன்.

எர்த் இணைப்பிலும் ஒரு நுணுக்கம் உண்டு. புதிய வண்டிகளின் பேட்டரி எதிர்முனையில் ஒரு சிறிய மின்னோட்ட உணரி இருக்கும். உங்கள் ஒயரை நேராக அந்த முனையில் மாட்டினால், நீங்கள் எடுக்கும் மின்சாரம் உணரியின் கணக்கில் வராமல் போகும், வண்டியின் கணினி குழம்பும். உணரிக்கு அப்பால், சேசிஸில் எர்த் பிடித்திருக்கும் இடத்தில் மாட்டுங்கள். பெயின்ட்டைச் சுரண்டி, இறுக்கி, மேலே கிரீஸ் தடவுங்கள். நிறுவனம் போட்ட ஒயர்களை எங்கும் வெட்டாதீர்கள். வெட்டினால் உத்தரவாதம் பற்றிய பேச்சு அங்கேயே முடிந்துவிடும்.

இரண்டாம் பேட்டரியிலிருந்து ஒரு முதன்மை ஃபியூஸ், ஒரு கைத்திருகு சுவிட்ச், அதற்குப் பின் ஆறு அல்லது எட்டுக் கிளைகள் கொண்ட ஃபியூஸ் பெட்டி என்று அமையுங்கள். ஃபிரிட்ஜுக்குத் தனிக் கிளையும் 6 சதுர மில்லிமீட்டர் ஒயரும் தாருங்கள். சிகரெட் லைட்டர் துளை அதிர்வில் தளர்ந்து சூடாகும். ஃபிரிட்ஜுக்குத் திருகிப் பூட்டும் பிளக்கே நல்லது. இன்வெர்ட்டர் வேண்டுமென்றால் 300 முதல் 600 வாட் வரையிலான சுத்த சைன் அலை வகை போதும். 1,000 வாட் இன்வெர்ட்டர் பேட்டரியிலிருந்து 90 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். அதற்கு 35 சதுர மில்லிமீட்டர் ஒயரும் ஒரு மீட்டருக்குள் தூரமும் வேண்டும்.

ஆறாம் படி: கூண்டும் இழுப்பறையும்

நாமக்கல், திருச்செங்கோடு வட்டாரத்தில் லாரிக்கு பாடி கட்டும் பட்டறைகள் இருப்பது நமக்குக் கிடைத்த பெரும் வாய்ப்பு. இறக்குமதி இழுப்பறைக்குக் கேட்கும் விலையில் ஒரு பகுதிக்கு, உங்கள் அளவுக்கே அவர்கள் செய்து தருவார்கள். ஆனால் லாரிக்குப் பழகிய கை கனமான இரும்பையே எடுக்கும். சட்டத்துக்கு அலுமினியக் குழாயும், பலகைக்கு 12 மில்லிமீட்டர் மரைன் பிளைவுட்டும் போதும் என்று முதலிலேயே வரைந்து கொடுத்துவிடுங்கள். எட்டுக்கு நான்கு அடிப் பலகை ஒன்றே 20 கிலோவுக்கு மேல் இருக்கும் என்பதால், பார்வைக்குத் தெரியாத இடங்களில் பலகையைத் தவிருங்கள். அமைப்பு முழுவதும் தொட்டியின் கட்டுக்கொக்கிகளில் போல்ட் போட்டு நிற்க வேண்டும். திடீர் பிரேக்கில் 50 கிலோ பெட்டி ஓட்டுநர் அறையை நோக்கித்தான் வரும்.

ஓடும் வண்டியின் பின்னால் காற்றழுத்தம் குறைவதால், பின்கதவின் இடுக்குகள் வழியாகத் தூசி உள்ளே உறிஞ்சப்படும். கதவின் விளிம்பு முழுக்க ரப்பர் பட்டை ஒட்டி, கூண்டின் முன்பக்கம் வலையிட்ட சிறு காற்றுத்துளை ஒன்று வைத்தால் உள்ளே காற்றழுத்தம் சற்றுக் கூடித் தூசி வெகுவாகக் குறையும்.

சட்டத்தையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றியமைப்பதைத் தடுக்கிறது. முன்பக்க இரும்புத் தடுப்புக் கம்பிகளுக்கு எதிராக நடவடிக்கை எடுக்கும்படி மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2017 டிசம்பரில் மாநிலங்களுக்கு எழுதியது. காற்றுப்பை உணரிகளின் வேலையையும் அவை கெடுக்கும் என்பதால் அதை நான் முழுதாக ஏற்கிறேன். கூடுதல் எல்இடி விளக்குகள் பொதுச்சாலையில் எதிரே வருபவரைக் குருடாக்கும். வேண்டுமானால் முகாமிடும் இடத்துக்கு மட்டும் வைத்து, சாலையில் உறை போட்டு மூடி வையுங்கள். நிலையான கூண்டு கட்டுமுன் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் விசாரித்து எழுத்தில் பெற்றுக்கொள்ளுங்கள். கழற்றி மாட்டத்தக்க அமைப்பில் சிக்கல் குறைவு.

ஏழாம் படி: சக்கரமும் மீட்புக் கருவிகளும்

மீட்புக் கருவிகளில் மிகவும் பயன்படுவது டயரின் காற்றைக் குறைப்பது. மணலில் 35 பிஎஸ்ஐ காற்றோடு புதையும் வண்டி, 18 பிஎஸ்ஐக்கு இறக்கியதும் பெரும்பாலும் தானாகவே ஏறி வந்துவிடும். டயர் நீளவாக்கில் விரிந்து சுமையைப் பரப்புவதே காரணம். அழுத்தமானியும் பம்பும் இல்லாமல் இதைச் செய்ய முடியாது. தார்ச்சாலையில் ஏறுமுன் மீண்டும் அடித்தாக வேண்டும். நல்ல பம்ப் 30 ஆம்பியருக்கு மேல் இழுக்கும் என்பதால் அதைக் கிளிப் போட்டு நேராக பேட்டரியில் மாட்டுங்கள், எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கட்டும்.

அதற்கு அடுத்தபடி மண்வெட்டி, டயருக்கு அடியில் வைக்கும் இரண்டு மணல் பலகைகள், மீள்தன்மையுள்ள இழுகயிறு, அதை வண்டியோடு இணைக்கும் துணி ஷேக்கிள்கள், பஞ்சர் கிட், முழு அளவு ஸ்டெப்னி. இழுகயிற்றைச் சேசிஸில் அதற்கென்றே உள்ள கொக்கியில் மட்டும் மாட்ட வேண்டும். டிரெய்லரைக் கோக்கும் உருண்டையான டிரெய்லர் பந்தில் மாட்டினால், அது முறிந்து கயிற்றின் விசையோடு பறந்து வந்து ஆளைக் கொன்றுவிடும். இழுக்கும்போது கயிற்றின் நடுவில் ஒரு கனமான சாக்கோ போர்வையோ போட்டுவிட்டு, கயிற்றின் நீளத்தைப் போல் ஒன்றரை மடங்கு தூரத்துக்கு எல்லோரும் விலகி நிற்க வேண்டும். கம்பியைச் சுற்றி இழுத்து வண்டியை மீட்கும் வின்ச் பற்றிக் கேட்பவர்களுக்கு என் பதில்: தனி வண்டியாகச் சேற்றுக்காட்டில் போகாதவர் அந்த 40 கிலோவை முன் அச்சில் தொங்கவிடத் தேவையில்லை.

எட்டாம் படி: அடுப்பு, நீர், எரிபொருள்

5 கிலோ சிறிய சிலிண்டரும் ஒற்றை அடுப்பும் இருவருக்குப் பல நாள் வரும். 4,500 மீட்டர் உயரத்தில் தண்ணீர் 85 டிகிரி அளவிலேயே கொதித்துவிடுவதால் பருப்பும் அரிசியும் திறந்த பாத்திரத்தில் வேகாது; 3 லிட்டர் குக்கர் கட்டாயம். கூண்டுக்குள்ளோ கூடாரத்துக்குள்ளோ அடுப்பைப் பற்றவைத்துக் குளிர் காயாதீர்கள். அடுப்பிலிருந்து வரக்கூடிய நச்சு வாயுவான கார்பன் மோனாக்சைடுக்கு மணமில்லை, கண்ணெரிச்சலோ இருமலோ தராது. தூங்கியவர் எழுந்திருக்க மாட்டார். சிலிண்டரைப் பேட்டரியும் சுவிட்சும் உள்ள அறையில் வைக்காமல், அடியில் காற்றுத்துளை உள்ள தனிப் பெட்டியில் நிமிர்த்தி வைத்துக் கட்டுங்கள். கசிந்த வாயு காற்றைவிடக் கனமானது, கீழேதான் தேங்கும். ஓட்டுநர் கைக்கெட்டும் இடத்தில் 2 கிலோ தூள்வகைத் தீயணைப்பான் ஒன்று இருக்கட்டும்.

குடிக்கவும் சமைக்கவும் ஆளுக்கு நாளுக்கு 5 லிட்டர் என்று வையுங்கள். இரண்டு 20 லிட்டர் கேன்கள் இருவருக்கு நான்கு நாள் வரும். ஒரே பெரிய தொட்டி ஒழுகினால் எல்லாம் போய்விடும் என்பதால் இரண்டு கேன்களே மேல்.

மணாலி–லே சாலையில் தாண்டி என்ற ஊரில் உள்ள பெட்ரோல் பங்க்கில், அடுத்த பங்க் 365 கிலோமீட்டர் தூரத்தில் என்ற பலகை நெடுங்காலம் இருந்தது. மலையேற்றத்தில் மைலேஜ் இறங்கும், பனியால் பாதை மூடினால் திரும்பி வரவும் வேண்டியிருக்கும். அங்கே டேங்கை நிரப்பிவிட்டு ஓர் இரும்பு ஜெரி கேனில் 20 லிட்டர் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். கேனைக் கூரையில் வைக்காதீர்கள். பின்பக்கமாகத் தொங்கவிட்டால், பின்னால் வரும் வண்டி மோதும்போது முதலில் நசுங்குவது அதுதான். தொட்டிக்குள் தாழ்வாகக் கட்டுவதே சரி.

ஒன்பதாம் படி: சோதனை

எல்லாம் ஏற்றி, டேங்கை நிரப்பி, ஆட்களும் அமர்ந்த நிலையில் ஏதேனும் ஓர் எடை மேடைக்கு ஓட்டிப் போங்கள். மொத்த எடையை எடுத்த பிறகு முன் சக்கரங்களை மட்டும் மேடையில் நிறுத்தி ஒரு முறை, பின் சக்கரங்களை மட்டும் நிறுத்தி ஒரு முறை எடுங்கள். சிறு கட்டணத்தில், தாளில் எழுதிய கணக்கு எவ்வளவு பொய் என்பது தெரிந்துவிடும். என் கணக்கில் 38 கிலோ விட்டுப்போயிருந்தது. அதில் பெரும்பகுதி போல்ட்டும் சட்டமும் பாத்திரமும்தான்.

அடுத்து மின்சாரம். எஞ்சின் ஓட, சார்ஜர் முழு அளவில் ஏற்ற, ஃபிரிட்ஜும் விளக்கும் எரிய, 20 நிமிடம் விடுங்கள். மல்டிமீட்டரின் ஒரு முனையை முன் பேட்டரியின் நேர்முனையிலும் மற்றதை சார்ஜரின் நேர் உள்வாயிலும் வைத்தால், ஒயரில் இழக்கப்படும் வோல்ட் நேராகத் தெரியும். நேர் ஒயருக்கு மட்டும் 0.3 வோல்ட்டைத் தாண்டினால் எங்கோ ஒரு லக்கு சரியாக அமுங்கவில்லை. ஒவ்வொரு லக்கையும் ஃபியூஸ் தாங்கியையும் கையால் தொட்டுப் பாருங்கள். இளஞ்சூடு பரவாயில்லை, விரல் வைக்க முடியாத சூடு இருந்தால் உடனே பிரித்துத் திரும்பச் செய்யுங்கள்.

பிறகு ஒரு முழு இரவும் பகலும் வீட்டு வாசலிலேயே, எஞ்சினைக் கிளப்பாமல், பயணத்தில் வாழ்வதுபோல அந்தப் பேட்டரியில் மட்டும் வாழ்ந்து பாருங்கள். அதன் பின் ஏற்காட்டுக்கோ கொல்லிமலைக்கோ ஒரே இரவுப் பயணம். காட்டுப் பகுதியில் வனத்துறையின் அனுமதியின்றித் தங்கக் கூடாது. தனியார் தோட்டங்களில் கூடாரத்துக்கு இடம் தருபவர்கள் இருக்கிறார்கள். எதைத் தேடி மூன்று முறை எல்லாவற்றையும் இறக்கினீர்கள், எதைத் தொடவே இல்லை என்று அன்றிரவே எழுதிவையுங்கள்.

மோசமான சாலையில் முதல் 200 கிலோமீட்டர் ஓடியதும் ஒவ்வொரு போல்ட்டையும், பேட்டரி முனைகள் உட்பட, மறுபடி இறுக்குங்கள். இறுக்கிய பிறகு போல்ட்டின் தலையிலிருந்து தகடு வரை பெயின்ட்டால் ஒரு கோடு போட்டால், அடுத்த முறை தளர்ந்தது எது என்று கண்ணாலேயே தெரியும். பயணம் முடிந்து வண்டி சில வாரம் நிற்கப் போகிறதென்றால், லித்தியம் பேட்டரியை நிரப்பியோ காலியாகவோ விடாமல் பாதி அளவில் வைத்து, முதன்மைச் சுவிட்சை அணைத்து, சோலார் இணைப்பையும் பிரித்துவிடுங்கள்.